பலகையில் ஒரு தகடு

பகலில் புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
நண்டுப் பெட்டிகளை எண்ணுகிறேன்.
கணக்குப் பிசகினால் முதலாளி திட்டுவார், அவ்வளவுதான்.
இரவில் சைரன் ஊதினால்
ஆட்களை எண்ணுகிறேன்.

எரியும் வீட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும்
தலைக்கவசத்திலிருந்து ஒரு தகட்டைக் கழற்றி
என் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.
பக்கத்தில் மெழுகுப் பென்சிலால் எழுதுவேன்:
நுழைந்த நேரம், உருளையில் மிச்சமுள்ள காற்று.
வெளியே வந்தவர் தன் தகட்டைத் தானே எடுக்க வேண்டும்.
எடுக்காதவரை அவர் உள்ளே.

ஜூன் மாதம். காலை பத்துக்குத்தான் விடியும்.
ஜலசந்திக் காற்று
நாயைக்கூட நேராக நடக்க விடாது.
மேட்டுத் தெருவில் தகரக் கூரை வீடு.
"தோன் பெலிசாரியோ உள்ளே! காது கேட்காது அவருக்கு!"

கேப்டன் நெவென்கா வீட்டை ஒருமுறை சுற்றி வந்தாள்,
முழுதாக.
"சுற்றிப் பார்க்க இதென்ன கண்காட்சியா?"
யாரோ கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.
எந்தச் சன்னல் புகையை வெளியே தள்ளுகிறது,
எது காற்றை உள்ளே இழுக்கிறது என்று பார்த்தாள்.
பிறகு இரண்டு பக்கச் சுவர்கள் தெரியும் மூலையில் நின்றாள்.
நின்றவள் நின்றவள்தான்.
குழாயைத் தொடவில்லை, கோடரியைத் தொடவில்லை.
நெருப்பின் முன் சும்மா நிற்பவளைக் கண்டால்
யாருக்கும் ஆத்திரம் வரும்.
முதல் வருடம் எனக்கும் வந்தது.

"எலிசெயோ, ரமிரோ. வலது கைத் தேடல்.
படுக்கையறை முதலில். பாதிக் காற்றில் திரும்புங்கள்."
இரண்டு தகடுகள். 2:17.

வலது கை சுவரை விடக் கூடாது.
விட்டால் வீடு உன்னை விழுங்கிவிடும்.
கண்ணைக் கட்டிக்கொண்டு நானும் தவழ்ந்திருக்கிறேன்:
நாற்காலிக் கால், மேசைக் கால், கட்டில் கால்,
பிறகு ஒரு கால்.
அன்று அது பொம்மையின் கால்.

வாக்கி டாக்கியில் ரமிரோ:
கட்டில் காலி. கட்டிலடி காலி.
போர்வை இன்னும் சூடாக இருக்கிறது.
எரிகிற வீட்டில் எதுதான் சூடாக இருக்காது?

கூரைத் தகரம் ஒன்று நிமிர்ந்து, மடங்கி, பறந்தது.
நெவென்கா கையை உயர்த்தினாள்.
வண்டியின் ஹாரன், மூன்று நீண்ட ஊதல்:
எல்லாரும் வெளியே.

ரமிரோ வந்தான், இருமியபடி தகட்டை எடுத்தான்.
"எனக்குப் பின்னாலேயே வந்தானே?"

"எலிசெயோ."
காற்று.
"எலிசெயோ."
காற்று.

வாசலில் காத்திருந்த இருவர் முகமூடியை இறுக்கினார்கள்.
அவள் வீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"எத்தனை?"
"ஒன்று."
என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய எண்.

"பின்பக்கம்," என்றாள் அந்த இருவரிடம்.
ஓடினார்கள்.

யாரோ என் சட்டைக் கையை இழுத்தார்.
வீட்டுச் செருப்பு, கையில் கெண்டி.
காது மந்தமானவர்களின் உரத்த குரலில் கேட்டார்:
"யாரைத் தேடுகிறீர்கள்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.
சந்து வழியாக அந்த இருவரும் வந்தார்கள்,
நடுவில் எலிசெயோ,
எதையோ கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு.
சமையலறைச் சன்னல் வழியே குதித்திருக்கிறான்.
வாக்கி டாக்கி உள்ளேயே விழுந்துவிட்டது.
"பிடித்துவிட்டேன், மூச்சு இருக்கிறதா பாருங்கள்,"
என்று பனியில் கிடத்தினான்:
ஆட்டுத்தோல் கோட்டு ஒன்று,
உள்ளே சட்டை மேல் சட்டை,
ஒரு மனிதனின் கனம்.

"என் கோட்டு," என்றார் கிழவர்.

ரமிரோ சிரிக்கத் தொடங்கி அழுதான்.
எலிசெயோ கையுறைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.
நெவென்கா இரண்டும் செய்யவில்லை.
பலகையைக் காட்டினாள்.
எழுந்து வந்து தன் தகட்டை எடுத்தான்.
நேரம் எழுதினேன், 2:41.
பென்சில் முனை ஒடிந்தது.

மறுநாள் பெட்டிகளை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினேன். சரியாக இருந்தது.
இன்னொரு முறையும் எண்ணினேன்.